கவிழ்ந்த கிரேனும் அரைக்கிலோ மிட்டாயும்

கோயில் வாசலில் கணவனின் கிரேன் கவிழ்ந்து கிடந்தது. தங்கலட்சுமி மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டி அங்க சாஞ்சு கெடக்கு. நீங்க மிட்டாய் கேக்குறீகளேக்கா?" என்றாள் கடைக்காரி சுபத்ரா.

"கருப்பட்டி மிட்டாய்தான வேணும்னேன்? அரைக்கிலோ போடு. அப்படியே உன் ஸ்கூட்டி சாவியையும் குடு."

அன்று ஊர்ப் பொங்கல். கோயிலுக்குச் செய்துவந்த கல்தூணை லாரியிலிருந்து இறக்கும்போது, கிரேனைத் தாங்கிநின்ற ஜாக்கிக்கு அடியில், மழையில் ஊறிய கரிசல் மண் உள்வாங்கிவிட்டது. வண்டி கேபின் பக்கமாக விழுந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் மருதுபாண்டி எதிர்ப்பக்கம் குதித்துத் தப்பினான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

சாயங்காலம் சப்பரம் போகவேண்டிய பாதையில் வண்டி குறுக்கே கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தும் அளவுக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு கிரேன்தான் உண்டு. அது திருச்சுழியில் மருதுபாண்டியின் அண்ணன் கருத்தப்பாண்டியின் ஷெட்டில் நின்றது.

அப்பாவின் தொழிலைப் பிரித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அந்தப் பக்கத்தில் பொங்கல் மிட்டாய் போகாத வீடு சொந்தமில்லாத வீடு. போன வருசம் தங்கலட்சுமி துணிந்து ஒரு ஓலைக்கொட்டான் மிட்டாய் அனுப்பிப் பார்த்தாள். போன கொட்டான் பிரிக்காமல் திரும்பி வந்தது.

"அவரு வண்டி வந்து தூக்குறதுக்கு, இது இங்கயே கெடந்து துருப்பிடிக்கட்டும்" என்றான் மருதுபாண்டி.

"சப்பரம் என்ன, உங்க கிரேனு மேல ஏறியா போகும்?"

"மதுரையில சொல்லியிருக்கேன். வண்டி வரும்."

"நாளைக்குத்தான் வருமாம்ல. நான் போயி உங்க அண்ணனக் கூட்டிட்டு வாரேன்."

"மிட்டாயக் காட்டுனா வந்துருவாராக்கும்? என்னன்னு சொல்லிக் கூப்பிடுவ?"

"போயி நின்னா வார்த்தை தன்னால வருது" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. கருத்தப்பாண்டியின் கிரேன், கிரேன்கள் போகக்கூடாத வேகத்தில் வந்தது. அவரே ஓட்டிவந்தார். பின்னால் ஸ்கூட்டியில் தங்கலட்சுமி. ஓலைக்கொட்டான் கட்டுப் பிரியாமல் முன்னால் தொங்கியது.

மருதுபாண்டி தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அண்ணன் முகத்தில் விழிக்க அவனுக்கு இஷ்டமில்லை. 'மிட்டாய இந்தத் தடவையும் வாங்கல. அப்ப வேடிக்கை பாக்கத்தான் வந்திருக்காரு' என்று நினைத்துக்கொண்டான்.

கருத்தப்பாண்டி இறங்கியதும் முதலில் குழாய் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். பிறகு கொட்டுக்காரர்களை. "எவனும் சத்தம் போடக் கூடாது!" என்று கத்தினார்.

'வந்ததும் வராததுமா அதிகாரத்தப் பாரு' என்று டேங்கருக்குப் பின்னால் பல்லைக் கடித்தான் தம்பி.

கோயில் கமிட்டி பால்சாமி முன்னால் வந்தார். "பதறாத கருத்தப்பாண்டி. உன் தம்பி..."

"அவனப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீக!" கருத்தப்பாண்டி அவர் கையைத் தட்டிவிட்டார். "மொதல்ல வண்டியத் தூக்கணும். தள்ளுங்க."

பால்சாமி வாயை மூடிக்கொண்டார். ஊருக்கும் புரிந்துபோயிற்று. பகை இன்னும் ஆறவில்லை.

நல்ல வேட்டியோடு சேற்றில் படுத்து, வண்டிக்கு அடியில் தானே பெல்ட்டைக் கோத்தார் கருத்தப்பாண்டி. உதவிக்கு வந்தவன் கேபின் மேல் ஒரு சங்கிலியைப் போடப்போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"கேபின்ல கைய வச்ச, வெட்டிருவேன். அந்தத் தகரம் ஒரு இஞ்சுகூட நசுங்கக் கூடாது."

மருதுபாண்டிக்கு எரிந்தது. தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, நான்தான் கீறல் படாமல் எடுத்துக்கொடுத்தேன் என்று நாளைக்கு அருப்புக்கோட்டை வரைக்கும் சொல்லத்தானே இவ்வளவும்?

கருத்தப்பாண்டி தன் கிரேனில் ஏறி உட்கார்ந்தார். கம்பி இறுகியது. பால்குடம் தூக்குகிறவன் மாதிரி, சிந்தாமல் சிதறாமல் தூக்கினார். ஒரு சாண் தூக்குவார், நிறுத்துவார், கேபினைப் பார்ப்பார், மறுபடி தூக்குவார். அத்தனை பேர் நின்றும் கோயில் வாசலில் என்ஜின் சத்தம் மட்டும்தான்.

கவிழ்ந்த வண்டி மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, ஒரு குலுக்குக் குலுக்கி, நாலு சக்கரத்தில் நின்றது. பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

கருத்தப்பாண்டி என்ஜினைக்கூட நிறுத்தவில்லை. குதித்து ஓடினார். நெளிந்துபோயிருந்த கேபின் கதவைக் காலால் உதைத்துத் திறந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்தார்.

என்னென்ன உடைந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறார் போல. இதற்கு மேல் மருதுபாண்டியால் பொறுக்க முடியவில்லை. 'வேலை முடிஞ்சதுல்ல, வண்டிய எடுத்துட்டுக் கிளம்பச் சொல்லு' என்று சொல்வதற்காக டேங்கருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கேபினிலிருந்து தலையை எடுத்தார். முதுகு தம்பியின் பக்கம் இருந்தது. முகம் முழுக்கச் சேறு. உதடு கோணிக்கொண்டு போனது. சற்றுத் தள்ளி நின்ற தங்கலட்சுமியைப் பார்த்துக் கேட்டார்.

"தாயி, உள்ள சிக்கிக் கெடக்கான்னு சொன்னியே... எங்க எந் தம்பி?"