பழியெல்லாம் காற்றுக்கு

சங்கரபாண்டியன் மூச்சை அடக்கிக்கொண்டு செம்பருத்திப் பூவுக்கு வெகு கிட்டத்தில் கைபேசியை நீட்டினார்.

படம் கலங்கியிருந்தது. மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் மூட்டம்.

“எல்லாம் காத்துதாம்ளா,” என்றார் வீட்டுக்குள் பார்த்து.

அவர் மனைவி சண்முகவடிவு தையல் மெஷினை நிறுத்தவில்லை. “ஆமா, துறைமுகத்துக் காத்தெல்லாம் நம்ம வீட்டு வாசல்லதான் வந்து நிக்கி.”

ஒரு மாதமாக இதே பல்லவி.

துறைமுகத்துக் கிரேன் உச்சியில் உட்கார்ந்து, இருபது டன் கன்டெய்னரை லாரி மேல் முட்டை வைப்பதுபோல் இறக்கிய கை அது. பைக்கில் விழுந்து மணிக்கட்டில் பிளேட் வைத்ததிலிருந்து டீ கிளாஸ்கூடத் தளும்பியது.

நடுக்கமெல்லாம் போய்விட்டது என்று மனைவியிடம் எப்போதோ சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை. தேறினால் மறுபடி கிரேன். இல்லாவிட்டால் கீழே கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலை.

பெண்டாட்டியை ஏமாற்றலாம். இவ்வளவு கிட்டத்தில் வைத்தால் கேமராவை ஏமாற்ற முடியாது. மயிரிழை அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் தினமும் அந்த ஒரே கிளையின் பூவை எடுத்தார்.

இன்னொரு தடவை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார்.

மகரந்தம் ரவை ரவையாகத் தனித்தனியே நின்றது. இதழோரத்து எறும்பின் மீசைகூடத் தெரிந்தது.

“ஏளா வடிவு, இங்கன வா!”

கழுத்தில் டேப்போடு ஓடிவந்தவள் படத்தைப் பார்க்கவில்லை. கைபேசியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

அவர் சந்தோஷத்தில் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

பூவுக்குப் பின்னால், இலை மறைவில், ஒரு முடிச்சு. ரவிக்கை தைக்கும் பச்சை நூல். கிளையைச் செடிக்கு ஊன்றிய குச்சியோடு அசையாமல் இறுக்கிக் கட்டியிருந்தது.

நூல் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. நேற்றோ முந்தாநாளோ கட்டியதல்ல.

இத்தனை நாளும் பூ ஆடவே இல்லை.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்க வெட்கப்பட்டார்.

அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டினாள். கிளை துள்ளி ஆடியது.

“இனி காத்து எம்புட்டு வேணும்னாலும் அடிக்கட்டும்.”