கடைசி மேசையில் பதினோரு நிமிடம்

"விட்டுக்குடுன்னு சொல்றேன், நீ என்னடான்னா..."

"என் முறைங்க, யோசிக்க விடுங்க..."

லூக்காஸும் அவன் மனைவி ஷாமலாவும் ஒரே நேரத்தில், தாழ்ந்த குரலில் பேசினார்கள். மேசையில் இருந்த கடிகாரத்தில் இன்னும் பதினோரு நிமிடம்.

கட்டுகஸ்தோட்டை மண்டபத்தில் மற்ற மேசைகள் காலியாகி, ஆட்டக்காரர்கள் எல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்ட் போட்டியின் கடைசி ஆட்டம் இது. ஜெயிப்பவருக்கு ஜப்பான் போட்டிக்கு டிக்கட்டும், விசாவுக்கு அழைப்புக் கடிதமும். மணி அடிப்பதற்குள் யாரும் ஜெயிக்காவிட்டால் இருவருமே வெளியே.

லூக்காஸுக்கு இரண்டு தடவை விசா மறுத்தாயிற்று. இந்தக் கடிதம் கிடைத்தால் போய்விடலாம். போனால் திரும்புவதில்லை. அதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

ஒருவருக்கு இருவராக இறங்கினால் நல்லதென்று அவளையும் சேர்த்துவிட்டான். வத்தேகம வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து, ஆளுக்கு அறுபது கார்டாக, இரண்டு கட்டுகளை ஒன்றுபோலவே அடுக்கினார்கள். பெரும்பாலும் தடுக்கும் மதில் கார்டுகள். எதிராளி மோதி மோதியே ஓய்ந்துபோவான்.

குசினியில் ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம் ஓடும். அங்கே மணி அடிக்க ஆள் இல்லை.

இப்போது மதிலுக்கு எதிரே மதில்.

கடைசி மேசையில் இருவரும் சந்தித்தால் அவள் விட்டுக்கொடுக்க வேண்டும், தப்பித் தவறி ஜெயித்தாலும் நடுவரிடம் கொடுக்கும் முடிவுச் சீட்டில் அவன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று காலையில் பஸ்ஸிலேயே பேச்சு முடிந்திருந்தது. அதாவது, அவன் பேசி முடித்திருந்தான்.

ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்வேன் என்றான். அவன் அண்ணனும் அப்படித்தான் சொல்லிப் போனான். அண்ணி மார்கிரட் ஒன்பது வருடமாக அதே வத்தேகம வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். மாமியார் சமையலுக்கு வெங்காயம் உரிக்கிறாள்.

நாலு நிமிடம்.

நடுவர் ஜஹானா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் கேட்காமல் லூக்காஸ் மறுபடி கெஞ்சினான். இவ்வளவு பேர் பார்க்க உடனே எழுந்தால் நன்றாயிராது, கொஞ்சம் விளையாடிய பிறகு விட்டுக்கொடுக்கிறேன் என்று ஷாமலா முணுமுணுத்தாள். இன்னொரு மதிலை வைத்தாள். நேராக இல்லை என்று அதை விரலால் நகர்த்திச் சரிசெய்தாள்.

அவன் அவசரத்தில் கையில் இருந்ததை வீசினான். மோதியது, விழுந்தது.

அவள் யோசித்தாள்.

மணி அடித்தது.

இனிச் சீட்டில் ஒன்றும் மாற்ற ஏலாது என்று சொல்லிவிட்டு ஜஹானா இரண்டு பெயர்களையும் கோடு போட்டு அடித்தாள்.

லூக்காஸ், வீட்டில் செய்வதுபோல இரண்டு கட்டுகளையும் தானே பொறுக்க ஆரம்பித்தான். அவள் கவிழ்த்து வைத்திருந்த கைக் கார்டுகளையும் அள்ளி நிமிர்த்தினான்.

அவற்றில் நிலநடுக்கம் இருந்தது. கட்டுக்கு ஒன்று மட்டும் சேர்த்த கார்ட். போட்டால் எதிராளியின் மதில்கள் அத்தனையும் சரிந்து ஆட்டம் அங்கேயே முடியும்.

புதிதாக எடுக்கும் கார்டை ஷாமலா எப்போதும் வலது ஓரத்தில்தான் செருகுவாள். இது இடது ஓரத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

அவன் அதை உருவி அவள் பக்கம் நீட்டினான்.

"ஷாமலா, இது மொதல்ல இருந்தே உன் கையிலயா இருந்திச்சி?"