அல்பிரட்டின் துப்பல்

துறைமுகத்தடி மீன்தூள் ஆலையின் பொயிலரைப் பற்றவைப்பது குறைகடத்தி முனை வைத்த இக்னைட்டர். நனைந்தாலும் கரி பிடித்தாலும் பொறி விடும். அதைக் காட்டவென்றே பொயிலரைப் பார்த்துவந்த அல்பிரட் தினமும் முனையில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத்தான் மாட்டுவார். பார்க்கும் உதவியாள் ஜெமீலுக்குக் குமட்டும்.

அல்பிரட் செத்தபின் அந்த வேலை ஜெமீலிடம் வந்தது. காலையில் கழற்றிப் பார்த்தால், நெருப்புக்குள் கிடந்த முனையில் சிவந்த கோழை பாக்குத் துகளோடு வழிந்தது.

"ஜெமீல் நானா, நீங்களா துப்புறது?" என்றான் கூட வேலைசெய்யும் றிக்சன்.

"சீ! எனக்கு வெத்திலைப் பழக்கமே இல்ல."

துடைத்தான். மறுநாளும் அதே கோழை. ஓங்கரித்துக்கொண்டே இக்னைட்டரையே கடலில் எறிந்துவிட்டு, புதியதை உறை கிழித்துச் சோதித்தான். வயரும் கரண்டும் சரியாக இருந்தும் பொறி வரவில்லை. பொயிலர் பற்றாததால் வெளியே மீன் கழிவு குவிந்து புழுத்து நெளிந்தது.

"அல்பிரட் அண்ணை செய்தமாதிரி ஒருக்காச் செய்து பாருங்கோவன்," என்றான் றிக்சன்.

வேறு வழியில்லாமல் ஜெமீல் முகத்தைச் சுளித்தபடி துப்பினான். உடனே பொறி பறந்தது.

முனையில் வழிந்த எச்சில் சிவப்பாக இருந்தது. ஜெமீல் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினான். பாக்குத் துண்டொன்று அகப்பட்டது.