பக்கம் பதினாலு

"தப்புங்க. கையேட்டுல பக்கம் பதினாலு பாருங்க" என்றார் நேர்காணல் எடுத்த சோமசேகரன்.

வினிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு காரைக்காலுக்கு வந்த தொண்டு நிறுவனம் அது. மீனவர் வீடுகளுக்குப் போய்க் குறை கேட்டு எழுதி வரும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்பாவின் படகை அலை கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது. இந்த வேலை கிடைத்தால்தான் வீடு நிமிரும்.

மீனவர் வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. செருப்பைக் கழற்றிவிட்டு "அக்கா இருக்கீங்களா"ன்னு கேட்பேன் என்று சொல்லியிருந்தாள்.

"கடல் இருக்கிற திசையைப் பார்த்து மூணு தடவை கும்பிடணும்" என்று வாசித்தார் அவர். "சரி, பால் குடுக்கிற தாய்கிட்ட சாப்பாடு பத்தி என்ன சொல்வீங்க?"

"பால் சுறா வாங்கிப் புட்டு செஞ்சு சாப்புடச் சொல்லுவேன் சார்."

"அவங்க முன்னாடி சுறாங்கிற பேரையே எடுக்கக் கூடாது. வலை சரிபண்ணிட்டு இருக்கிறவர்கிட்ட?"

"பக்கத்துல உக்காந்து, வலையப் புடிச்சுக்கிட்டே பேசுவேன்."

"அவர் எழுந்திருக்கிற வரைக்கும் நாம வாயே திறக்கக் கூடாது. போன வாரமே கையேடு குடுத்தோமே, படிக்கலையா?"

"எங்க வீட்டப் பத்தி நான் என்னத்தப் படிக்கிறதுன்னு விட்டுட்டேன் சார். நான் திருவேட்டக்குடிதான். எங்கப்பா கடலுக்குப் போறவரு."

"அதாம்மா சிக்கல். உள்ளயே இருக்கிறவங்களுக்கு அவங்க பண்பாடு கண்ணுக்குத் தெரியாது. இது ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணி எழுதினது."

வேலை ஹரிஹரனுக்குப் போயிற்று. குரும்பகரத்தில் வயல்காட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். கையேட்டை ஒரு வரி விடாமல் ஒப்பித்துவிட்டான்.

வீட்டில் அப்பா தர்மலிங்கம், நிவாரண முகாமில் கிடைத்த சாம்பல் நிறப் போர்வையை விரித்து உட்கார்ந்து, யாருடைய வலையையோ சரிசெய்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"போன காரியம் என்னம்மா ஆச்சு?"

வினிதா பக்கத்தில் உட்கார்ந்து வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று கேள்விகளையும், கையேட்டில் இருந்த மூன்று பதில்களையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆத்திரம் பொங்கியது.

"ஊரு உலகத்துல இல்லாத பழக்கம். எவன்ப்பா இவங்ககிட்ட இதெல்லாம் சொன்னது?"

தர்மலிங்கத்தின் கை அப்படியே நின்றது.

"முகாமுக்கு ஒரு சாரு டேப்ரெக்கார்டரோட வந்தாரு. நம்ம பழக்கம் ஒண்ணு சொன்னா ஒரு போர்வை குடுத்தாரு" என்றார் மெல்ல. "நெசமானது ரெண்டுதாம்மா அப்ப ஞாபகத்துக்கு வந்துச்சு. மார்கழிப் பனியில நாம அஞ்சு பேரு கெடந்தோமே."