மொராக்கோவைச் சுற்ற ஐந்து வழிகள்

முதல் வழி ரயில் என்றாள் ஹர்ஷினி.

தீக்காய வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி, செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

காசாபிளாங்காவில் ஏறினால் இரண்டே மணி நேரத்தில் டான்ஜியர் போய்விடலாமாம். ரீலில் பேசுகிற ஹர்ஷினிக்குப் பின்னால், ஜன்னலோரச் சீட்டில், ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தொப்பி போட்டால் ஆளைத் தெரியாமலா போகும்? அவளுடைய அப்பா. பட்டாசு ஆலை முதலாளி மணிகண்டராஜ்.

அடப்பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

புதுப்பட்டிப் பக்கம் அவருடைய ஆலை வெடித்து இன்றோடு ஆறு நாள். நான்கு பேர் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயை வளையலை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். முத்துப்பேச்சியின் புருஷன் சங்கிலிமுத்துதான் அங்கே ஃபோர்மேன். இரண்டு பெண்களை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, முழங்கை வரை வெந்த கைகளோடு உள்ளே கிடக்கிறான்.

முதலாளி எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆலையை நடத்தியவர் மீது வழக்கு என்று பேப்பரில் வந்ததும், மனுஷன் பயந்து எங்கேயோ பதுங்கிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது.

பதுங்குகிற லட்சணத்தைப் பார்.

ஹர்ஷினியின் ரீலை அவள் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. போன ஆயுதபூஜைக்கு அந்தப் பெண் ஆலைக்கு வந்தாள். வேலை செய்கிற பெண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி ரீல் எடுத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தி போனையும் வாங்கி, தன்னை ஃபாலோ பண்ணும்படி அவளே அமுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ரீலில் செல்லத்தாய் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது வழி டாக்ஸி. ஒரே காரில் ஆறு பேரை ஏற்றுவார்களாம். முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்காருவது தனி அனுபவமாம்.

"அனுபவமா? நம்ம வேன்ல முப்பது பேர அடச்சுக் கொண்டுபோனானே ஒங்கப்பன், அத ஒரு நா வந்து பாத்தியாடி?"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூன்றாவது வழியும் நான்காவது வழியும் அவள் மனசில் நிற்கவில்லை. நீலச் சாயம் அடித்த ஒரு ஊர், சந்துக்குள் மூட்டையோடு போகும் கழுதை, மலையேறும் பஸ். எல்லாவற்றிலும் முதலாளி ஒரு ஓரமாக எதையாவது தின்றுகொண்டிருந்தார்.

அந்த வாய்தானே, ஆர்டர் நிற்கிறது, கூட ஆட்களை உட்கார வை என்று போனில் சொன்னது? நான்கு பேர் இருக்க வேண்டிய வெடிமருந்து அறையில் அன்றைக்கு ஒன்பது பேர்.

சங்கிலிமுத்து முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வான்? போன சித்திரையில்தான் மணிகண்டராஜ் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுப் புது வேட்டி சட்டை கொடுத்தார். "ஏலே, நீ வெறும் ஃபோர்மேன் இல்லலே, இனிமே இது ஒன் ஆலை மாதிரி" என்று தோளைத் தட்டினார். ஏழெட்டு இடத்தில் கையெழுத்தும் போடச் சொன்னார். இத்தனை வருஷ உழைப்புக்குப் பதவி வந்துவிட்டது என்று முத்துப்பேச்சி அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். முதல் தட்டு செல்லத்தாய்க்குத்தான்.

ஐந்தாவது வழி ஒட்டகம்.

மணல் மேட்டின் மேல், வெயிலுக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, முதலாளி ஒட்டகத்தில் அசைந்து அசைந்து வந்தார். போனைப் பார்த்துக் கையை ஆட்டினார். பெரிய மோதிரம் போட்ட கை. ஒரு கொப்புளம் இல்லை.

முத்துப்பேச்சி தரையில் கையை ஊன்றினாள். எழுந்தாள். பக்கத்தில் வைத்திருந்த டீயையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

டீ, ஏட்டு பலவேசத்துக்கு வாங்கியது. ஆறு நாளாக வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரர். காலையிலும் சாயங்காலமும் அவள்தான் அவருக்கு டீ வாங்கித் தருகிறாள். புருஷன் வாய் திறந்து நடந்ததைச் சொல்லும்போது எழுதிக்கொள்ள நம் பக்கம் ஒரு ஆள் வேண்டாமா?

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா பாருங்க ஏட்டய்யா. ஆளு ஒட்டகத்து மேல இருக்கான். மொராக்கோவாம். போய்ப் பிடிங்க."

பலவேசம் பார்த்தார். ஒட்டகம் முடிந்து, ரீல் மறுபடியும் ரயிலில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவர எதுக்கும்மா பிடிக்கணும்? கேஸ்ல அவர் பேரே இல்லையே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன சித்திரையிலேருந்து ஆலை ஒங்க வீட்டுக்காரரு குத்தகையில இருக்கு. எல்லாத்துலயும் அவரு கையெழுத்துதான். டிஸ்சார்ஜ் ஆனதும் கூட்டிட்டுப் போகத்தான் என்னைய இங்கன போட்ருக்காக."

சொல்லிவிட்டு, பழக்கத்தில், டீக்காகக் கையை நீட்டினார்.

முத்துப்பேச்சி கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பஞ்சும் துணியும் சுற்றிய இரண்டு கைகளையும் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

அவள் திரும்பினாள். நீட்டிய கை அப்படியே இருந்தது.

அந்தக் கைக்கு முன்னால் நின்று, பேப்பர் கப்பில் இருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது. கப்பைக் கசக்கி அவர் மடியில் போட்டாள்.