காப்பிக்கொட்டைக் கண்

கண்காட்சி திறக்கப் பத்து நிமிடம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய கடைசிப் புத்தகம் மேசைமேல் கிடக்கிறது. உப்பளம் பகுதி வீடு ஒன்றின் பரணில் கிடைத்த, எழுபத்தைந்து வருடத்துப் பிரெஞ்சுப் புத்தகம். புகைப்படங்களை வெட்டி ஒட்டி அச்சிட்ட அட்டை. ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் கழுத்தில்லாத ஒரு பெண் முகம். இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக ஒன்று புடைத்திருக்கிறது. ஜன்னல் வெயிலில் அது மினுங்குகிறது. நூலகத் தலைவர் விஜயராகவன் அதை ஆசையாகத் தடவுகிறார். "நெஜக் காப்பிக்கொட்டைம்மா. நம்மள மாதிரி அடிமை நாட்டச் சொல்றான். என்னா மூள பாரு." அதே விரலை நாக்கில் தொட்டு ஒரு பக்கம் புரட்டுகிறார். மறுபடி தடவல், நாக்கு, பக்கம். விலங்கியல் படித்த உதவியாளர் மஹீரா குனிந்து அந்தக் கண்ணை உற்றுப் பார்க்கிறாள். பெட்டியில் இரவல் வாங்கிய ஒன்பது புத்தகங்கள் இருக்கின்றன. இதையும் வைத்துப் பூட்டினால் பொரிந்து வருபவை எல்லாம் அவற்றின் பசையைத்தான் தின்னும். பூட்டுச்சாவி அவள் கையில்தான் இருக்கிறது.

"சார்," என்கிறாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. சத்தமாக மீண்டும் சொல்கிறாள். "அது கரப்பான் முட்டக்கூடு சார்."

"சயின்ஸ் படிச்சா எதப் பாத்தாலும் பூச்சிதான்," என்று சிரிக்கிறார். நகத்தால் தட்டிக் காட்டிவிட்டு, பழக்கத்தில் விரலை நாக்குக்குக் கொண்டுபோகிறார். கூடு விளிம்பில் பிளக்கிறது. வெள்ளையாக ஒன்று பிதுங்கி வந்து, பெண்ணின் கன்னத்தில் நின்று மீசையை அசைக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று. அவர் வாயை மூடவில்லை. நாக்கிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.