நல்லவர் தொட்டால் திறக்கும்

டிவி தொடரில் நல்லவராக வருபவர் தொட்டால்தான் படப்பிடிப்புக்கு வந்திருந்த அந்தக் கம்ப்யூட்டர் திறக்கும். கெட்டவன் கையில் தங்கள் சரக்கை ஜனங்கள் பார்த்துவிடக் கூடாதென்று அதைத் தயாரித்த கம்பெனிக்காரர்கள் தொடரின் முழுக்கதையையும் அதற்குள் ஏற்றியிருந்தார்கள். அதைச் சுமந்துவந்து மேசையில் வைப்பது செட் வேலைக்காரர் சவரியப்பன் பாடு.

அன்று கதாநாயகன் புகழேந்தி தொட்டான், திறக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டான். அப்போதும் இல்லை. செட்டே கதாசிரியரைத் திரும்பிப் பார்த்தது.

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன் தம்பி," என்று அவர் தலையைச் சொறிந்தார். "கதையில அந்தக் கொலைய நீதான் பண்ணிருக்க."

"சார், எங்கம்மா தினமும் பாக்குறாங்க! இனிமே எனக்குச் சோறு போடுவாங்களா?"

சவரியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வில்லன்களுக்கென்று மூலையில் கிடந்த வேறு கம்பெனி கம்ப்யூட்டரைத் தூசி தட்டித் தூக்கிவந்தார்.

"இதத் தொடுங்க தம்பி, யாரு தொட்டாலும் தொறக்கும். மனுசங்கள எடை போடத் தெரியாத மிசினு."